நாங்கூழ் தரும் உரம்

காலையில் நாசி லெமாக் வாங்கினால் வாழையிலை மிஞ்சும். மதியம் சமைத்தால் கீரைத் தண்டும் வெங்காயத் தோலும் முட்டை ஓடும் மிஞ்சும். மாலையில் தேநீர் கலக்கினால் தேயிலைச் சக்கை மிஞ்சும். இரவில் இவை யாவும் ஒரு ஞெகிழிப் பைக்குள் போகின்றன. பையின் வாயை இறுக்கிக் கட்டி வாசலில் உள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறோம். மறுநாள் குப்பை லாரி வந்து அள்ளிச் சென்றதும் நம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம்.

அந்தப் பை எங்கே போகிறது? மலேசிய வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையில், எடையளவில் பெரும்பங்கு உணவுக் கழிவாகும். அதன் பெரும்பகுதி குப்பை நிரப்பு நிலங்களில் கொட்டப்பட்டு, மேலும் மேலும் குப்பையால் மூடப்படுகிறது. காற்றுப் புகாத அந்த ஆழத்தில் உணவு மட்குவதில்லை, அழுகுகிறது. அப்போது மீத்தேன் என்னும் வாயு உருவாகிறது. வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் இவ்வாயு கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலிமையானது. குப்பையின் அடியிலிருந்து கசியும் கரிய நீர் மண்ணையும் நிலத்தடி நீரையும் மாசுபடுத்தக்கூடியது. சிங்கப்பூரில் குப்பை எரிக்கப்பட்டு, அதன் சாம்பல் செமக்காவ் தீவில் உள்ள நிரப்பு நிலத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறது. 1999ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய அந்நிலம், 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

மலேசியாவில் கோலாலம்பூர் உள்ளிட்ட பல பகுதிகளில் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமாக்கப்பட்டது. தாள், ஞெகிழி, கண்ணாடி, உலோகம் ஆகியவை மறுசுழற்சிக்குப் போகின்றன. உணவுக் கழிவோ எஞ்சிய குப்பையோடுதான் போகிறது. அதாவது, குப்பையில் மிகக் கனமான பகுதிக்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. அவ்வழிகளுள் ஒன்றைச் செய்து காட்டும் உயிர் நம் காலடியிலேயே வாழ்கிறது.

மண்புழுவுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. பூநாகம் என்பார்கள், சில ஊர்களில் நாக்குப்பூச்சி என்பார்கள். நாங்கூழ் என்பது பழைய பெயர்களுள் ஒன்று. மனோன்மணீயம் என்னும் நாடகத்தில், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்த நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து ஒரு பாத்திரம் வியந்து பேசுவதாகவே ஒரு பகுதியை அமைத்திருக்கிறார். யார் கண்ணிலும் படாமல் மண்ணைப் பதப்படுத்தி உழவருக்கு உதவும் அதன் உழைப்பை அப்பகுதி பாராட்டுகிறது. அந்நாடகம் வெளிவந்த ஆண்டு 1891.

அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1881இல், இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் தம்முடைய கடைசி நூலை வெளியிட்டார். உயிர்களின் படிமலர்ச்சியைப் பற்றி எழுதி உலகையே அதிர வைத்த அறிஞர், தம் இறுதி நூலை எழுதியது மண்புழுக்களைப் பற்றி! தொட்டிகளில் மண்புழுக்களை வளர்த்து, அவற்றின் அருகில் இசைக்கருவிகளை வாசிக்கச் செய்து பார்த்தார். புழுக்கள் சற்றும் பொருட்படுத்தவில்லை. ஆனால், தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துக் கட்டையை அழுத்தியதும் அவை சட்டென்று வளைக்குள் மறைந்தன. மண்புழுவுக்குக் காது இல்லை; ஆனால், அதிர்வை உடல் முழுவதாலும் உணரும் என்பதை அவர் இவ்வாறு அறிந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண், புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்றும் அவர் கணக்கிட்டார்.

மண்புழுக்கள் எல்லாம் ஒன்றுபோல் வாழ்வதில்லை. சில வகைகள் ஆழமாக வளை தோண்டி வாழ்கின்றன. சில, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே மண்ணைத் தின்றபடி ஊர்ந்து திரிகின்றன. மூன்றாவது வகையோ மண்ணுக்குள் அதிகம் போவதே இல்லை. உதிர்ந்த இலை, சாணம், மட்கிய மரத்தூள் ஆகியவற்றுக்கு இடையில்தான் அதன் வாழ்க்கை. உரம் தயாரிப்பதற்கு இந்த மூன்றாவது வகையே ஏற்றது. பள்ளித் திடலைத் தோண்டிக் கிடைக்கும் புழுவைப் பெட்டியில் போட்டுவிட்டு, உரம் வரவில்லையே என்று வருந்துவோர் செய்யும் முதல் தவறு இதுதான்.

உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது ஐரோப்பாவைச் சேர்ந்த சிவப்புப் புழு. குளிர்ந்த சூழலில் அது நன்றாக வளரும்; வெப்பம் முப்பது பாகை செல்சியசைத் தாண்டினால் வாடிப்போகும். எனவே, நம் நாட்டின் சமவெளிப் பகுதிகளுக்கு ஆப்பிரிக்கப் புழுவே பொருத்தமானது. ஆசியாவுக்கே உரிய நீலநிறச் சாயல் கொண்ட புழுவும் வெயிலைத் தாங்கும். ஆனால், அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெருமழை வரும் இரவில் கூட்டம் கூட்டமாகப் பெட்டியைவிட்டு வெளியேறிவிடும். சென்னையில் பல்லாண்டுகளாக மண்புழுக்களை ஆராய்ந்துவரும் முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், அயல்நாட்டுப் புழுக்களை வாங்குவதைவிட அந்தந்த மண்ணுக்குரிய புழுக்களைப் பயன்படுத்துவதே நல்லது என்று வலியுறுத்தி வருபவர்.

புழு எப்படி உரம் தயாரிக்கிறது? அதற்குப் பற்கள் இல்லை. பச்சைக் காய்கறியை அது கடித்துத் தின்னவும் முடியாது. முதலில் நுண்ணுயிர்களே கழிவின்மேல் படர்ந்து அதை மிருதுவாக்குகின்றன. மிருதுவான அந்தக் கூழை, நுண்ணுயிர்களோடு சேர்த்துப் புழு உறிஞ்சி விழுங்குகிறது. கோழிக்கு இருப்பதுபோல் புழுவுக்கும் ஓர் அரைவைப்பை உண்டு. உணவோடு விழுங்கிய மணல் துகள்களைக் கொண்டு அப்பை உணவை அரைக்கிறது. பிறகு அது நீண்ட குடல் வழியாகப் போகும்போது, அங்குள்ள நொதிகளும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அதைச் சிதைக்கின்றன. புழு தனக்கு வேண்டிய சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியைச் சிறுசிறு உருண்டைகளாக வெளியேற்றுகிறது. கரும்பழுப்பு நிறத்தில் தேயிலைத் தூள்போல் இருக்கும் இந்தக் கழிவே மண்புழு உரமாகும். இதை மோந்து பார்த்தால் குப்பை நாற்றம் வராது. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் மணம்தான் வரும்.

இன்னொரு செய்தியும் நினைவில் இருக்க வேண்டும். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. அது தோலால் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றில் உள்ள உயிர்வளியை உள்ளிழுக்க முடியும். தோல் காய்ந்தால் மூச்சுத் திணறும். காற்று இல்லாத நீரில் நெடுநேரம் மூழ்கிக் கிடந்தாலும் அதே நிலைதான். மண்புழுப் பெட்டியில் நாம் செய்யும் ஏறக்குறைய எல்லா வேலைகளும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை.

பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு ஞெகிழிப் பெட்டி போதும். அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகளை இட வேண்டும். அடித்துளைகள் நீர் வடிய. பக்கத்துளைகள் காற்று வர. கிழித்து நனைத்த அட்டைப்பெட்டித் துண்டுகள், காய்ந்த இலைகள், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றை ஒரு சாண் உயரத்திற்குப் பரப்பி, அதன்மேல் இரண்டு கைப்பிடி தோட்ட மண்ணைத் தூவ வேண்டும். இதுவே புழுக்களின் படுக்கை. ஒரு பிடியை அள்ளிக் கையால் அழுத்திப் பாருங்கள். ஓரிரு சொட்டு நீர் வந்தால் ஈரம் சரி. நீர் ஒழுகினால் அதிகம். ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் போதாது. படுக்கையை ஓரிரு நாள் அப்படியே வைத்துவிட்டு, பிறகு புழுக்களை மேலே விட்டால் வெளிச்சத்துக்கு அஞ்சித் தாமாகவே உள்ளே போய்விடும். பெட்டியை நிழலில் வைக்க வேண்டும். வெயில் படும் ஐந்தடி உயர மதில் ஓரம் நமக்கு வசதியாகத் தோன்றலாம். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே கையை வைத்துப் பார்த்தால் புழுக்களின் நிலை புரியும்.

நல்ல நிலையில் உள்ள புழுக்கள் ஒரு நாளில் தம் எடையில் பாதியளவு வரை தின்னும் என்பார்கள். அரைக் கிலோ புழு இருந்தால் நாளொன்றுக்குக் கால் கிலோ கழிவு. தொடக்கத்தில் அதிலும் பாதிதான் கொடுக்க வேண்டும். பழத்தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, பொடித்த முட்டை ஓடு ஆகியவை நல்ல உணவு. முட்டை ஓடு படுக்கையின் புளிப்பைக் குறைக்கும், அரைவைப்பைக்கும் உதவும். எலுமிச்சை, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை மிகக் குறைவாகவே போடலாம். இறைச்சி, மீன், எண்ணெய், உப்பு சேர்ந்த சமைத்த உணவு, பூனை நாய்களின் கழிவு ஆகியவை கூடவே கூடாது. ஒவ்வொரு முறையும் உணவைப் படுக்கைக்குள் புதைத்து, மேலே ஒரு பிடி காய்ந்த இலையைத் தூவிவிட்டால் பழ ஈக்கள் மொய்க்கா.

இந்தப் பட்டியலை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் முதல் பெட்டி வைத்த மூன்றாவது வாரம் ஒரு விருந்து நடந்தது. மிஞ்சிய சாம்பார் சோற்றைக் கொட்ட மனமில்லாமல், புழுக்களும் விருந்துண்ணட்டுமே என்று பெட்டியில் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் பெட்டியிலிருந்து புளித்த நாற்றம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் மூடியின் உட்புறம் முழுவதும் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பலவற்றைத் தரையிலிருந்து பொறுக்கினோம். எறும்புகள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தன. அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பழைய நாளிதழ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் அருகில் வைத்தார்.

நடந்தது இதுதான். சோறு ஈரமாகக் கட்டியாகி, காற்றோட்டத்தை அடைத்துவிட்டது. காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அமிலத்தை உண்டாக்கின. உப்போ புழுக்களின் ஈரத் தோலிலிருந்து நீரை உறிஞ்சியது. மூச்சு விட வழியில்லாத உயிர்கள் வெளியே ஓடாமல் என்ன செய்யும்? குப்பை நிரப்பு நிலத்தின் ஆழத்தில் நடப்பதையே ஒரு சிறு பெட்டிக்குள் நான் நடத்திக் காட்டியிருந்தேன். சோற்றை வாரி எடுத்துவிட்டு, கிழித்த நாளிதழையும் காய்ந்த இலையையும் கலந்து படுக்கையைக் கிளறிவிட்டோம். எஞ்சிய புழுக்கள் பிழைத்துக்கொண்டன.

மண்புழுக்கள் விரைவில் பெருகும். ஒவ்வொரு புழுவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஆயினும், பெரும்பாலும் இரு புழுக்கள் சேர்ந்தே இனம் பெருக்குகின்றன. வளர்ந்த புழுவின் உடலில் மோதிரம் அணிந்ததுபோல் ஒரு தடித்த பட்டையைக் காணலாம். அதிலிருந்துதான் முட்டைக்கூடு உருவாகிறது. நெல்மணியைவிடச் சிறிய, எலுமிச்சை வடிவிலான அந்தக் கூட்டைப் பலர் விதை என்று எண்ணி எறிந்துவிடுகிறார்கள். சிவப்புப் புழுவின் கூட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரங்களில் நூல்போன்ற குஞ்சுகள் வெளிவரும். புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்களாகிவிடும் என்று சிறுவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையன்று. வால்பகுதி செத்துவிடும், தலைப்பகுதி, காயம் ஆழமில்லை என்றால் பிழைக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு அல்லது மூன்று மாதங்களில் படுக்கை முழுவதும் கருமையாகி, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல் போய்விடும். அப்போது சில நாள்கள் உணவிடுவதையும் நீர் தெளிப்பதையும் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரு விரிப்பின்மேல் கூம்பாகக் குவிக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் அடியில் இறங்கும். மேலே உள்ள உரத்தை வழித்தெடுத்துச் சற்றுநேரம் காத்திருந்தால் இன்னும் கீழே போகும். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் புழுக்குவியல் மட்டும் மிஞ்சும். அதை மறுபடியும் புதிய படுக்கையில் விடலாம்.

இனி, வயலுக்கு வருவோம். மண்புழு உரம் கிடைத்துவிட்டால் இரசாயன உரமே தேவையில்லை என்று சிலர் ஆர்வத்தில் சொல்லிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளது. மண்புழு உரத்தில் பொதுவாக ஒன்று முதல் இரண்டு பங்குதான். பத்துக் கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்தை, ஒன்றரை விழுக்காடு சத்துள்ள மண்புழு உரத்திலிருந்து பெற வேண்டுமானால் ஏறக்குறைய 300 கிலோ வேண்டும். ஆகவே, ஒரே நாளில் யூரியாவை நிறுத்திவிட்டுச் சில பிடி மண்புழு உரத்தைத் தூவும் விவசாயி நட்டப்படத்தான் செய்வார்.

அப்படியானால் அதன் பயன் என்ன? யூரியா செடிக்கு உணவு தருகிறது. மண்ணுக்கு ஒன்றும் தருவதில்லை. நீரில் எளிதில் கரைவதால், நம் நாட்டில் பெய்யும் கனமழையில் அதில் ஒரு பகுதி கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய்விடுகிறது. மண்புழு உரத்தின் உருண்டைகளோ நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சத்துகளை மெல்ல மெல்ல விடுகின்றன. மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு கட்டிகளாகின்றன. கட்டிகளுக்கு இடையில் காற்றும் வேரும் புக இடம் கிடைக்கிறது. நல்ல நுண்ணுயிர்களும் மண்ணில் பெருகுகின்றன. இத்தகைய மண்ணில் இடும் இரசாயன உரமும் வீணாவது குறைவதால், அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள முடிகிறது. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போரைத் தொடர்ந்து உலகச் சந்தையில் உர விலை எகிறியபோது, சிறு விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் இந்தக் குறைப்பு எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். செங்குத்தான சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் அமைந்துள்ளன. காடு அழிந்து, மண் வெறுமையாகக் கிடக்கும் இடங்களில் மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடுகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் பல்லாண்டுகளாக வண்டல் படிந்து, நீர் கொள்ளும் அளவு குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே முட்டைக்கோசின் வெளியிலைகளும் விற்க முடியாத தக்காளியும் தோட்டத்திலேயே குவிகின்றன. அவற்றை மட்க வைத்து, புழுக்களுக்குக் கொடுத்து, அதே சரிவில் இடலாம். மலையின் குளிர்ச்சி, சமவெளியில் வாடும் சிவப்புப் புழுவுக்கு மிகவும் ஏற்றது. மண்புழு உரம் மட்டுமே மண்சரிவைத் தடுத்துவிடாது. படிக்கட்டு முறைப் பயிரிடலும் மண்ணை மூடிக் காக்கும் செடிகளும் வேண்டும். ஆனால், உயிர்ச்சத்து நிறைந்த மண், வெறும் தூளாகிப்போன மண்ணைப்போல் அவ்வளவு எளிதில் கரைந்து போகாது.

சமவெளியில் உள்ள சவால் வேறு. செம்பனை ஆலைக்குள் போகும் குலைகளின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பழம் உதிர்த்த வெறுங்குலையாக வெளிவருகிறது. மலைபோல் குவியும் இந்த நாரை மண்புழுவால் உடனே தின்ன முடியாது. அதில் கரிமச்சத்து மிகுதி. தழைச்சத்து மிகக் குறைவு. மாட்டுச் சாணம் போன்ற தழைச்சத்து மிக்க பொருளைக் கலந்து, சில வாரங்கள் மட்க விட வேண்டும். அந்த நாள்களில் குவியல் சூடேறும். கையை உள்ளே விட்டால் சுடும். சூடு தணிந்த பிறகே புழுக்களை விட வேண்டும். பொறுமையில்லாமல் முன்னரே விட்டால் அத்தனையும் மடியும். தோட்டப்புற லயத்து வீடுகளில் மாடு வளர்த்த நம் முன்னோர்கள், எருக்குழியில் பல மாதம் கிடந்து கறுத்த எருவைத்தான் வாழைக்கும் கீரைக்கும் இட்டார்கள். அந்தக் குழியின் ஓரத்தைக் கிளறினால் புழுக்கள் நெளியும். அவர்கள் புழுக்களை விலைக்கு வாங்கவில்லை. சூடு தணிந்ததும் அவையே வந்து சேர்ந்தன.

பெட்டியில் புழுக்கள் மிகுந்துவிட்டால் காட்டு ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்யக் கூடாது. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்திற்குப் பின் மண்புழுக்களே இல்லாமல் இருந்தன. ஐரோப்பாவிலிருந்து மனிதர்களோடு வந்து சேர்ந்த புழுக்கள், அங்கு உதிரும் இலைப்படுகையை விரைவாகத் தின்றுவிட்டதால், அதை நம்பி வாழ்ந்த சிறு செடிகளும் உயிர்களும் பாதிக்கப்பட்டன. தோட்டத்தில் நண்பனாக இருக்கும் உயிர் காட்டிலும் நண்பனாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மிகுந்த புழுக்களை இன்னொரு பெட்டி வைக்க விரும்பும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.

தொட்டிச் செடிக்கு நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் போதுமானது. நடும்போது கலந்துவிட்டு, பிறகு மாதம் ஒரு முறை வேரைச் சுற்றி ஒரு பிடி தூவலாம். உரத்தை மிதமான ஈரத்தோடு நிழலில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். பெட்டி சூடேறாததால், பழக்கழிவில் உள்ள விதைகள் சாகாமல் உரத்திலேயே தங்கிவிடுவதுண்டு. நாங்கள் கத்தரி நட்ட தொட்டியில் முதலில் முளைத்தவை ஏழு தக்காளிச் செடிகள். கத்தரியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டோம்.